பதில் கேட்காமல் படலை தாண்டாதவள்

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒருத்தர் வாயிலும் ஒழுங்காக வரவில்லை, அவ்வளவுதான். அண்ணை ஒரு விதமாகச் சொல்வார். அண்ணையின் பெஞ்சாதி, என் மச்சாள், இன்னொரு விதமாகச் சொல்வார். அப்போது பத்து வயதான என் மகள் மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். கடைசியில் "பிள்ளை" என்று வைத்துவிட்டோம். வேலணையில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில் நின்று பிள்ளை என்று கூப்பிட்டால், அந்தப் பத்து மாதமும் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது அந்த யப்பான்காரி ஒருத்திதான்.

யாழ்ப்பாணத்துக் கம்பஸுக்குப் படிக்க வந்தவள். இங்கேயிருந்து ஒரு பிள்ளை அங்கே போகும், அங்கேயிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும், அப்படியொரு ஒழுங்கு. அங்கே போன எங்கள் பிள்ளைக்கு என்ன கிடைத்ததோ தெரியாது. இங்கே வந்தவளுக்குக் கிடைத்தது எங்கள் வீட்டு முன்னறை. கடலுக்கு அடியில் வளரும் புல்லை அளப்பதுதான் அவளுடைய படிப்பு. தீவில் தங்கினால் வசதி என்று அவளுடைய ஆசிரியர் அண்ணையிடம் கேட்டார். அண்ணையின் மகன் சுவிஸுக்குப் போனபிறகு அந்த அறை பூட்டித்தான் கிடந்தது.

"வெள்ளைக்காரியோ?" என்று மச்சாள் கேட்டார்.

"இல்லை, யப்பான்" என்றார் அண்ணை.

"அப்ப சோறு தின்னும்" என்று மச்சாள் சம்மதித்துவிட்டார்.

தின்றாள். எங்களைவிட நன்றாகவே தின்றாள். அதுவல்ல நான் சொல்ல வந்தது.

வந்த அடுத்த நாள் காலமை, ஏழு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டவள் வேலிப் படலையடியில் நின்றுகொண்டு, "போட்டு வாறன்!" என்று சத்தமாகச் சொன்னாள். கம்பஸில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணை தோட்டத்தில் நின்றார். மச்சாள் கோயிலுக்குப் போயிருந்தார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன், வாய் திறக்கவில்லை. "போட்டு வாறன்!" என்று இரண்டாம் தரமும் கேட்டது. மூன்றாம் தரமும் கேட்டது. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதும் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள் படலையைத் தாண்டவே இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் குசினிக்கு வந்தாள்.

"அன்ரி, நான் போட்டு வாறன் எண்டு சொன்னனான்."

"ஓம், கேட்டது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்ன சொல்றது?"

"போட்டு வா எண்டு."

"சரி, போட்டு வாரும். இனி எங்க போறது? பஸ் போட்டுது!"

அவளோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பஸ் போனதைப் பற்றிக் கவலையே இல்லை. அண்ணையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள்.

அவளுடைய ஊர்ப் பழக்கம் அது. வீட்டை விட்டு இறங்குகிறவர் போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். வீட்டில் நிற்கிறவர் போய் வா என்று சொல்ல வேண்டுமாம். பின்னேரம் வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அதற்கும் ஒரு பதில் உண்டாம். எங்கள் ஊரிலும் அப்படித்தானே என்று நாங்கள் சொன்னோம். ஆனால் எங்களுக்கு அது வாயில் வருகிற ஒரு சொல். அவளுக்கு அது கையெழுத்துப் போட்டு வாங்குகிற சாமான் மாதிரி. பதில் கைக்கு வராமல் கால் எடுத்து வைக்கமாட்டாள்.

வீட்டில் மட்டுமென்றால் பரவாயில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொண்டக்டரிடமும் சொல்வாள். முதல் கிழமை அந்த மனுசன் விசரியாக்கும் என்று பார்த்தான். ஒரு மாதத்தில் பஸ்ஸை நிறுத்தி, "போட்டு வாங்கோ தங்கச்சி!" என்று பாடாத குறையாகச் சொல்லத் தொடங்கிவிட்டான். உள்ளே இருக்கிற சனமும் சேர்ந்து சொல்லும். நயினாதீவுக்குப் போய் அம்மாளாச்சியைக் கும்பிட்டு வந்தவள், படகுக்காரனிடமும் சொல்லி, கடலை விற்ற மனுசியிடமும் சொல்லிவிட்டு வந்தாளாம். இறுப்பிட்டியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டவளைப் பிடித்து இருத்திச் சோறு போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு மனுசி குளிக்கப் போய்விட்டாராம். அவர் குளித்து முடித்துத் தலை துவட்டும் வரை இருந்து, சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டாளாம். இடம் பார்க்கப் போனவள் என்ன பார்த்தாள் என்று கேட்டால், ஆர் ஆர் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்றுதான் சொல்வாள்.

எல்லோருக்கும் அது பகிடி. எனக்கு மட்டும் அது பெரிய கரைச்சல்.

ஏனென்று சொல்கிறேன். மாரடைப்பில் என் புருசன் போனபோது மகளுக்கு இரண்டு வயது. அதிலிருந்து அண்ணை வீட்டில் இருக்கிறோம். சும்மா இருந்து தின்றவள் இல்லை நான். இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி என் மெசினில் தைத்தவை. அண்ணையும் மச்சாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் முழுவியளம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே யார் வருகிறார் என்று பார்ப்பது. தாலியும் பொட்டுமாக ஒருத்தர் எதிரே வந்தால் போன காரியம் சரிவரும். புருசன் செத்தவள் வந்தால் சரிவராது. தற்செயலாக விடாமல், நல்ல முழுவியளத்துக்கென்றே ஒருத்தரை ஒழுங்கைக்கு அனுப்பி எதிரே நடந்து வரச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு அது முன்வீட்டு அக்காதான்.

அண்ணையின் மகன் முதன்முதல் விசாவுக்கென்று கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று, நான் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்து அவனுக்கு நேரே முட்டுப்பட்டுவிட்டேன். விசா கிடைக்கவில்லை. ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மச்சாள் அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார், ஆனால் முகத்தைப் பார்க்காமல் தந்தார். அதோடு நானாகவே பழகிக்கொண்டேன். வீட்டில் யார் வெளிக்கிட்டாலும் எனக்குக் குசினியில் ஒரு அலுவல் இருக்கும்.

இப்போது விளங்குகிறதுதானே? ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு எங்கள் வளவில் ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு. அவள் "போட்டு வாறன்" என்பாள். நான் குசினிக்குள் இருந்து "ஓம், போட்டு வாரும்" என்பேன். குரல் போனால் போதாதா? போதாது அவளுக்கு. முகம் வேண்டும். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு குசினிக்கு வருவாள். நான் பின்கதவால் கிணற்றடிக்குப் போவேன். அங்கேயும் வருவாள். நான் மாட்டுக்கொட்டிலுக்குள் போவேன். ஒருநாள் மாட்டுக்குப் பின்னால் நான் குனிந்து இருக்க, மாட்டுக்கு முன்னால் நின்று அவள் "போட்டு வாறன்" என்று சொல்ல, எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"கோதாரி, போய்த் துலையுமன்! பஸ் வருது!"

"போட்டு வா எண்டு சொல்லுங்கோ."

"போட்டு வாரும், என்ர ராசாத்தி, போட்டு வாரும்!"

தன்மேல் எனக்கு ஏதோ கோபம் என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் மகளிடம் கேட்டிருக்கிறாள். அந்தச் சின்னது ஒரு யோசனையும் இல்லாமல் விளக்கம் கொடுத்திருக்கிறது: "அம்மா முன்னுக்கு வரக்கூடாது அக்கா. அம்மா வந்தால் காரியம் பிழையாப் போகும்." நான் மெசினில் இருந்தேன், யன்னலால் கேட்டது. ஏழுக்குப் பிறகு எட்டு என்று சொல்வது போலச் சொன்னாள். நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள். அந்தக் குரலில் கேட்டபோது மெசினை மிதிக்க ஏலவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை மாட்டுக்கொட்டிலுக்கு வரவில்லை. குசினிக் கதவடியில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வாள். நானும் அவளுடைய முதுகுக்குப் பதில் சொல்வேன். மரியாதைக்காக அப்படிச் செய்தாள். எனக்கு அது முன்னையதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பத்தெட்டு வயது வரை நான் நெடுந்தீவைக் கண்டதில்லை. பக்கத்தில்தானே, எப்போதும் போகலாம் என்று இருந்துவிட்டேன். யப்பானிலிருந்து ஒருத்தி வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. குறிகட்டுவானில் படகு ஏறிக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, நான் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டேன். அவள் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே இருந்த நேவிக்காரப் பெடியன் ஒருத்தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். இறங்கும்போது அவனிடமும் அவள் சொல்லிக்கொண்டுதான் இறங்கினாள்.

அங்கே எல்லோரும் குதிரை பார்க்கப் போனார்கள். அவள் வேலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள். ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, இது இன்ன உயிர், இது இன்ன உயிர் என்று சொன்னாள். "இந்த மதில் முழுக்க ஒருக்கால் கடலுக்குள்ள உயிரோட இருந்தது அன்ரி." எனக்கு என்ன விளங்கியது! வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம், மோர் தந்தார்கள். வெளிக்கிடும்போது இவள் தொடங்கினாள். வீட்டு மனுசிக்கு ஒரு "போட்டு வாறன்", அவருடைய புருசனுக்கு ஒன்று, தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு ஒன்று, கட்டி நின்ற கன்றுக்குட்டிக்கும் ஒன்று. குழந்தை பதில் சொல்லாததால் தாய் அதன் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டவேண்டியிருந்தது. அந்த மனுசி படலை வரை வந்து, "ரெண்டு பேரும் சுகமாப் போட்டு வாங்கோ" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என்னை ஒருத்தர் வாசலில் நின்று வழியனுப்பி எத்தனை வருடம் என்று அப்போதுதான் எண்ணினேன்.

நாங்கள் திரும்பி வர, படகு வெளிக்கிட்டுவிட்டது. நாங்கள் இறங்குதுறையில் ஓடுகிறோம். படகுக்காரன் தூஷணத்தைத் தவிர எல்லாம் சொல்கிறான். கயிற்றைப் பிடித்து எங்களை ஏற்றியபிறகு, இவள் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று நெடுந்தீவு முழுவதற்கும் சேர்த்து ஒரு "போட்டு வாறன்" சொன்னாள். படகிலிருந்த சனம் எல்லாம் "போட்டு வா!" என்று கத்தியது. நான் வயிறு நோகச் சிரித்தேன். சத்தி எடுத்ததும் சிரித்ததும் ஒரே நாளில். அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு அவள் வேண்டும் போல இருக்கும்.

அடுத்ததாக வந்தது மகளின் புலமைப்பரிசில் பரீட்சை. பாஸ் பண்ணினால் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். மச்சாள் முதல் நாளே முன்வீட்டு அக்காவுக்குச் சொல்லி வைத்துவிட்டார். நான் மகளைக் குளிக்கவார்த்து, தலை இழுத்து, பென்சில் சீவிக் கொடுத்து, குசினிக்குள் வைத்துக் கொஞ்சிவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். அண்ணை மோட்டார் சைக்கிளை எடுத்தார். முன்வீட்டு அக்கா பூவும் பொட்டுமாக எதிரே வந்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

யப்பான்காரி படலையடியில் நின்றவள் நேரே குசினிக்கு வந்தாள்.

"அன்ரி, அவ மூண்டு தரம் திரும்பிப் பாத்தவ."

நான் அடுப்பை ஊதினேன்.

"உங்களைத் தேடினவ."

"எனக்குத் தெரியும். நீர் உம்மட அலுவலைப் பாரும்!"

அதுதான் நான் அவளிடம் எரிந்து விழுந்த முதல் தரம். பாவம், போய்விட்டாள். அன்றைக்கு அவள் போட்டு வாறன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னேரம் அவள் வந்து சேரும் வரைக்கும் எனக்கு ஒரு தையலும் நேராக வரவில்லை.

மகள் பாஸ். மச்சாள் எல்லோருக்கும் சீனி அள்ளி வாயில் போட்டார். "முன்வீட்டு அக்கான்ர முழுவியளம் எண்டால் சும்மாவே?" என்றார். ஆறு மாதம் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்வித்தவள் நான். சீனியை மென்றுகொண்டு நானும் ஓம் ஓம் என்றேன். யப்பான்காரி மட்டும் சீனியை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மார்கழியில் அவள் போகவேண்டும். போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், தன் புல்லைக் காட்ட என்னைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் தண்ணீரில் குனிந்து பார்த்தேன், புல்தான். பிறகு மணலில் இருந்து கச்சான் கடலை உடைத்தோம். அங்கேதான் கேட்டாள்.

"நான் போகேக்க நீங்கள் முழுவியளத்துக்கு வாங்கோ அன்ரி."

"உமக்கு விசரே?"

"இல்லை."

"ப்ளேன் ஏறப் போற பிள்ளை. வாயைக் கழுவும்."

அவள் ஒரு கச்சானை உடைத்து எனக்குத் தந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அப்பா இல்லை. நான் குழந்தையா இருக்கேக்க செத்துப்போனார். பள்ளிக்கூடத்துக்கும், சோதினைக்கும், இங்க வாறதுக்கும், எல்லாத்துக்கும் அம்மாதான் வாசல்ல நிண்டு என்னை அனுப்பினவ. கையில சவர்க்கார நுரையோட ஓடி வருவா. இருபத்திரண்டு வருசம், ஒவ்வொரு நாளும். நான் இன்னும் சாகேல்லை."

எனக்கு அந்த மனுசியைத் தெரியாது. ஆனால் நுரைக் கையோடு வாசலுக்கு ஓடி வருவது தெரிந்தது. அவரை ஒருத்தரும் குசினிக்குள் போ என்று சொல்லவில்லை, அவரும் போகவில்லை.

"உங்கட ஊர் வேற" என்றேன். வேறென்ன சொல்வது?

"சரி. அப்ப பரிசோதனை செய்வம்" என்றாள். படித்த படிப்பு அப்படி. "நான் எலி. நீங்கள் எனக்கு முன்னால வாங்கோ. நான் சுகமா வீட்டை போய்ச் சேர்ந்தால், தங்கச்சி பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகேக்கயும் நீங்கள்தான் வரவேணும்."

"எலி செத்தால்?"

"எலி சாகாது. நல்ல ப்ளேன்."

நான் அழுதுவிட்டேன். சாட்டிக் கடற்கரையில் குளிக்க வந்த சனம் எல்லாம் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

அவள் வெளிக்கிடுகிற அன்று காலமை ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்று மச்சாள் கலண்டரில் பார்த்து வைத்திருந்தார். கொழும்புக்குப் போகிற வான் படலையடியில் வந்து நின்றது. முன்வீட்டு அக்கா நிறைகுடத்தோடு ஆயத்தம். அப்போது பிள்ளை மச்சாளுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கு அன்ரிதான் வரவேணும்" என்றாள்.

மச்சாளின் முகம் மாறியது. அவரைக் குறை சொல்லமாட்டேன். ஊர்ப் பிள்ளை என்றால் வேறு, இது இன்னொரு தேசத்துத் தாயின் பிள்ளை, அவருக்கும் பயம்தானே. "அவவுக்கே விருப்பமில்லை, கேட்டுப் பாரும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குசினி வாசற்படியில் நின்றேன். விருப்பமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எனக்கு விருப்பம்" என்று வந்துவிட்டது. அண்ணை தொண்டையைச் செருமி, "போற பிள்ளை ஆசைப்படுது, விடன்" என்றார். முன்வீட்டு அக்கா குடத்தை என் கையில் தந்தார். அந்த மனுசிக்கு அதில் ஒரு கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தனை வருடமும் நான்தான் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒழுங்கை முனைக்குப் போய் நின்று, வான் திரும்பியதும் எதிரே நடந்தேன். ஐம்பது அறுபது அடி இருக்கும். குடம் ஆடி என் சீலையெல்லாம் தண்ணீர். அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. வான் நின்றது. கண்ணாடியை இறக்கினாள்.

"அன்ரி, போட்டு வாறன்."

"போட்டு வாரும் பிள்ளை" என்றேன். மாட்டுக்குப் பின்னாலிருந்தும் குசினிக்குள்ளிருந்தும் சொன்ன அதே சொல். முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அது எவ்வளவு பாரமென்று தெரிந்தது. அனுப்பிவிட்டேன், இனி அவள் வந்து சேரும் வரை என் பொறுப்பு.

பிறகு மூன்று நாள். ஒரு சேதியும் இல்லை. அடுத்த நாள் போய்ச் சேருவேன், சேர்ந்ததும் அண்ணையின் போனுக்கு எழுதுவேன் என்று சொல்லியிருந்தாள். அண்ணை போனைத் திறந்து பார்ப்பார், மூடுவார். நான் மெசினில் இருந்தால் ஊசி எங்கேயோ, துணி எங்கேயோ. நுரைக் கையோடு வாசலில் நிற்கிற அந்தத் தாயே கண்ணுக்குள் நின்றார். நான் என்ன செய்துவிட்டேன், ஆருடைய பிள்ளையில் கை வைத்துவிட்டேன் என்று அடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் மச்சாள் குசினிக்குள் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"ஒண்டும் நடந்திராது. ப்ளேன் விழுந்திருந்தா ரீவியில சொல்லியிருப்பாங்கள்."

ஆறுதல் சொல்ல அவருக்கு வந்த விதம் அது. ஆனால் அவரும் மூன்று நாளாக ரீவிக்கு முன்னால்தான் இருந்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு அவர் வந்தபிறகு அப்படி அழுதது அதுதான் முதல் தரம்.

பின்னேரம் அண்ணை சந்திக் கடைக்குப் போனார். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். டேட்டா முடிந்து நாலு நாள். ரீலோட் போட்டதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்திருக்கிறது. அண்ணை வீட்டுக்கு வரும் வரைக்கும் பொறுக்கவில்லை, ஒழுங்கையிலேயே நின்று "வந்திட்டுது! வந்திட்டுது!" என்று கத்தினார். ஒரு படம். சின்ன வீட்டு வாசலில் அவளும் தாயும். தாய் என்னைவிடக் கட்டை. கீழே தமிழில் எழுதியிருந்தாள்: "அன்ரி, எலி உயிரோட இருக்கு."

இப்போது எட்டு வருடம். அவள் திரும்பி வரவில்லை. வருகிறேன் என்று சொன்ன வருடம் உலகத்துக்கே அந்தத் தொற்று வருத்தம் வந்தது. பிறகு இங்கே பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். பிறகு அவளுக்குக் கல்யாணம், வேலை. வருடப்பிறப்புக்கு ஒரு படம் அனுப்புவாள். நான் ஒன்றும் கோபிக்கவில்லை. ஆனால் ஏழு மணி பஸ் ஹோர்ன் அடித்தால் என் காது படலைக்குப் போகும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை நான் எதிரே வந்து அனுப்பிவிட்டேன், எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். முதன்முதல் அனுப்பினவள்தான் இன்னும் வரவில்லை.

அவள் போன அடுத்த தை மாதம் மகள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாள். முன்வீட்டு அக்காவுக்கு ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. மச்சாள் கலண்டரைப் பார்த்து, "ஏழு அடிக்க முதல் நல்லம், நீ முன்னுக்குப் போ" என்றார். குடமும் இல்லை, பூவும் இல்லை. நான் தைத்த வெள்ளைச் சட்டையோடு அவள் அண்ணைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்தாள். நான் எதிரே நடந்தேன். சின்னவளுக்கு ஒன்றும் புதினமாகத் தெரியவில்லை.

"அம்மா, சேறு தெறிக்கும், அங்கால நில்லுங்கோ" என்றாள். பிறகு, "போட்டு வாறன்."

"போட்டு வா."

மோட்டார் சைக்கிள் போனது. பரீட்சை அன்று மூன்று தரம் திரும்பிப் பார்த்த பிள்ளை. இன்றைக்கும் பார்ப்பாள், கையைக் காட்டுவோம் என்று நான் ஒழுங்கை நடுவில் நின்றேன். மதகைத் தாண்டினாள், வளைவில் திரும்பினாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தோசம் தாங்க ஏலவில்லை. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நேரே முன்னறைக்குள் போய், "பிள்ளை, அவள் திரும்பியே பாக்கேல்லை!" என்றேன். அறையில் கட்டிலும் இல்லை, அவளுடைய சாமானும் இல்லை. மச்சாள் பனங்கிழங்கைக் கிழித்து நிலம் முழுக்கக் காயப் பரவிவிட்டிருந்தார்.